பக்கத்து வீட்டு மைசூர்பாகு

விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: ‘என் பெண்ணின் ரிசல்ட் பார்க்க உட்கார்ந்தோம். எங்கள் போனில் “முடிவுகள் இன்னும் வெளியாகவில்லை” என்றே வந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு அக்கா போனில் மார்க்கே வந்துவிட்டது. ஒரே முகவரி, ஒரே நிமிஷம். இவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். எங்கள் போன் மட்டும் என்ன பாவம் செய்தது?’

போனே பாவம் செய்திருக்கலாம். அல்லது உங்களுக்கும் அந்த சர்வருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருவர் செய்திருக்கலாம். அந்த ‘யாரோ ஒருவர்’ உத்தியோகத்தை நானே கொஞ்ச காலம் பார்த்திருக்கிறேன். ஆகவே, இந்த வாரம் பாவமன்னிப்பு வாரம்.

2000-ம் வருஷம். ஊர், பேர் வேண்டாம். ஓர் என்ஜினீயரிங் கல்லூரி. அங்கே கம்ப்யூட்டர் சென்டர் என் பொறுப்பு. வெளியுலகத்துக்கு எங்களுக்கு இருந்த ஒரே வாசல் ஒரு 64 கிலோபிட் லீஸ்டு லைன். கணக்குப் போட்டால் விநாடிக்கு 8 கிலோபைட். ஒரு 40 கிலோபைட் படம் இறங்க, வேறு யாருமே லைனில் இல்லாவிட்டால் 5 விநாடி. வேறு யாரும் இல்லாத நேரம் என்று ஒன்று அங்கே கிடையாது. ஹாஸ்டலில் மட்டும் இருநூறு பையன்கள். இந்தியா பேட்டிங் என்றால் இருநூறு பேரும் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்குத்தான் பிராக்ஸி. கல்லூரிப் பையன்களுக்கு இந்த வார்த்தையை விளக்கவே வேண்டாம்: வராதவனுக்காக ‘உள்ளேன் ஐயா’ சொல்கிறவன். கம்ப்யூட்டர் பிராக்ஸியும் ஏறக்குறைய அதே ஜாதி. நீங்கள் கேட்கிற பக்கத்தை உங்கள் சார்பில் அது போய் வாங்கி வரும். வாங்கி வந்ததில் ஒரு பிரதியை உக்கிராணத்தில் எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்தவன் அதையே கேட்டால் கடைக்குப் போகாமல் உக்கிராணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். இந்த உக்கிராணத்துக்குப் பெயர் கேஷ். உச்சரிப்பு பணம் மாதிரியே. மிச்சம் பிடித்துக் கொடுப்பதும் பணத்தைத்தான்.

எங்களிடம் மூன்று பெட்டிகள் இருந்தன. ஹாஸ்டலில் ஒன்று, லைப்ரரியில் ஒன்று, லேபில் ஒன்று. மூன்றிலும் ஸ்க்விட் என்ற இலவச மென்பொருள். ஸ்க்விட் என்றால் கணவாய் மீன். ஹார்வெஸ்ட் என்று அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து கிளைத்து, டுவேன் வெஸல்ஸ் என்பவர் கையில் வளர்ந்து, 1996-ல் வெளிவந்தது. இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

மூன்றையும் ஒன்றுக்கொன்று உடன்பிறப்புகளாக அறிவித்திருந்தேன். (அரசியல் இல்லை. ஸ்க்விட் பாஷையில் மேலே இருப்பது பேரன்ட், பக்கத்தில் இருப்பது சிப்ளிங்.) தன்னிடம் இல்லாததை யாராவது கேட்டால் ஹாஸ்டல் பெட்டி உடனே கடைக்கு ஓடாது. காம்பவுண்டு சுவர் மேல் எட்டிப் பார்த்து, ‘அக்கா, இது உங்ககிட்ட இருக்கா?’ என்று லைப்ரரியையும் லேபையும் கேட்கும். ‘இருக்கு’ என்று பதில் வந்தால் கைமாற்று வாங்கிக்கொள்ளும். இந்தச் சுவர்ப் பேச்சுக்கு ஐ.சி.பி. என்று பெயர். 1997 செப்டம்பரில் வெஸல்ஸும் கிளாஃபி என்ற அம்மையாரும் சேர்ந்து அதற்கு முறையாக விதி எழுதி வைத்தார்கள்.

நிற்க. டிசம்பர் 8-ம் தேதி சாயங்காலம் கடைசி வருஷப் பையன் ஒருவன் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"சார், இன்டர்நெட் பொய் சொல்லுமா சார்?"

"அதுக்கு வேலையே அதுதான். என்ன விஷயம்?"

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எம்.எஸ். படிக்க விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருந்தான். அப்பாவுக்கு ஒரு சின்ன ஊரில் சைக்கிள் கடை. விண்ணப்பக் கட்டணத்துக்கு டாலரில் டிராஃப்ட் எடுக்க வேண்டும். ஜனவரி முதல் வாரம் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தார். கடைசித் தேதி ஜனவரி 15 என்றுதான் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் போட்டிருக்கிறது, அவசரமில்லை. அன்று காலை அங்கே படிக்கும் சீனியரிடமிருந்து ஈ-மெயில்: ‘ஸ்காலர்ஷிப் வேணும்னா டிசம்பர் 15-க்குள்ள பேப்பர் இங்க வந்து சேரணும்டா. தேதியை மாத்திட்டாங்க. நீ பார்க்கலையா?’

பார்த்தான். ஜனவரி 15 என்றே இருந்தது.

"ரீலோட் அழுத்திப் பார்த்தியா?"

"நூறு தடவை சார். ஷிஃப்ட்டோட சேர்த்தும் அழுத்தினேன்."

இந்த இடத்தில் எனக்கு லேசாக வயிற்றைக் கலக்கியது. ஷிஃப்ட்டோடு ரீலோட் அழுத்தினால், ‘உக்கிராணத்துச் சரக்கு வேண்டாம், கடையிலிருந்தே வாங்கி வா’ என்று பிரவுசர் கட்டளை அனுப்பும். நடுவில் இருப்பவர்கள் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். எங்கள் பெட்டிகள் கட்டுப்படாது. ஸ்கோர் பக்கத்தை விநாடிக்கு விநாடி ரீலோட் அழுத்தி ஹாஸ்டல்காரர்கள் லைனை மூச்சுத் திணற வைத்ததில் கடுப்பாகி, ‘ரீலோட் வந்தால் காதில் போட்டுக்கொள்ளாதே’ என்று ஒரு ராத்திரி ஸ்க்விட்டிடம் சொல்லி வைத்தவன் நான்தான்.

பையனிடம் அதைச் சொல்லவில்லை.

லீஸ்டு லைன் வந்து சேரும் மெஷினில் உட்கார்ந்து, பிராக்ஸிகளைத் தொடாமல் நேரே அந்த சர்வரைக் கூப்பிட்டேன். முழுப் பக்கமும் வேண்டாம், எப்போது திருத்தினாய் என்று மட்டும் சொல் என்று கேட்க வழி உண்டு. நவம்பர் 24 என்றது. அதே கேள்வியை மூன்று பெட்டிகளிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஹாஸ்டல்: ஜூன். லைப்ரரி: ஜூன். லேப்: ஜூன். மூன்று பேரும் ஒரே மாதிரி பொய் சொன்னால் அது மெய் போலத்தான் இருக்கும்!

புதுப் பக்கத்தை அங்கேயே பிரின்ட் எடுத்துக் கொடுத்து, "அப்பாவுக்கு இப்பவே எஸ்.டி.டி. போடு, நாளைக்கே டிராஃப்ட் வேணும்னு சொல்லு" என்று விரட்டினேன். அவன் வாசல் வரை போய்த் திரும்பி, "சார், இன்னும் பதினோரு பேர் அப்ளை பண்றாங்க சார். வேற வேற யூனிவர்சிட்டி" என்றான்.

அன்று ராத்திரி நான் வீட்டுக்குப் போகவில்லை.

* * *

ஒரு பக்கம் எப்போது ஊசிப்போகிறது? பால் பாக்கெட்டில் தேதி போடுகிற மாதிரி, ‘இது இன்ன தேதி வரை தாங்கும்’ என்று சர்வரே எழுதி அனுப்பலாம். அந்தக் காலத்தில் நிறையப் பேர் எழுதுவதில்லை. எழுதாவிட்டால் கேஷ் முகர்ந்துதான் பார்க்க வேண்டும். முகரும் முறை கொஞ்சம் வேடிக்கையானது. வாங்கி வரும்போது அந்தப் பக்கம் எத்தனை நாளாகத் திருத்தப்படாமல் இருந்தது என்று பார்க்கும். பத்து நாள் என்றால், அதில் 20 சதவீதம், அதாவது 2 நாள் வரை நம்பலாம். எப்பேர்ப்பட்ட பழைய பக்கமானாலும் 4320 நிமிஷத்துக்கு மேல் நம்பாதே என்று ஒரு வரம்பு. அது 3 நாள். ஸ்க்விட்டைப் பிரித்து வைத்தால் வழக்கமாக வருகிற அளவு இது. ரொம்ப நாளாக மாறாதது இன்னும் கொஞ்ச நாளைக்கு மாறாது என்பது இதன் தத்துவம். பல ஆபீஸ்களுக்குப் பொருந்தும்.

நான் சிக்கன சிகாமணி. 20-ஐ 50 ஆக்கி, 3 நாளை 30 நாளாக்கி வைத்திருந்தேன். லைன் நெரிசல் குறைந்தது. பிரின்ஸிபால் மீட்டிங்கில் பேர் சொல்லிப் பாராட்டினார்.

இப்போது பையனின் கணக்கைப் பாருங்கள். ஜூனில் திருத்திய பக்கத்தை ஹாஸ்டல் பெட்டி நவம்பர் 20-ல் வாங்கி வந்திருக்கிறது. ஐந்து மாதமாக மாறாத பக்கம். அதில் பாதி இரண்டரை மாதம். ஆனால் வரம்பு 30 நாள். ஆக, டிசம்பர் 20 வரை அது புத்தம் புதுசு! நவம்பர் 24-ல் அங்கே யாரோ தேதியை மாற்றிவிட்டார்கள். எங்கள் கல்லூரிக்கு அந்தச் சேதி தெரிய வருவது, கெடு முடிந்து ஐந்தாம் நாள்.

சரி, ஹாஸ்டல் உக்கிராணத்திலிருந்து அந்தப் பக்கத்தை அழித்தேன். ஸ்க்விட்டில் ஒரே ஒரு கட்டளை. மறுபடி கேட்டேன். வந்தது. ஜூன்!

மறுபடி அழித்தேன். மறுபடி ஜூன். பேய், பிசாசில் நம்பிக்கை வருவது இப்படித்தான்.

குறிப்பேட்டைப் புரட்டினேன். ஸ்க்விட் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி எழுதி வைக்கும். கேட்டது யார், எடுத்தது எங்கிருந்து என்று. அதில் ‘மிஸ்’ என்று போட்டு, கடைசியில் ‘சிப்ளிங் ஹிட், லைப்ரரி’ என்றிருந்தது. அதாவது, ‘என்னிடம் இல்லை, அக்காவிடம் வாங்கினேன்’. லைப்ரரியில் போய் அழித்தேன். அது லேபிடம் வாங்கிக்கொண்டது. லேபில் அழிக்கப் போவதற்குள் ஹாஸ்டலில் எவனோ கேட்டு அங்கே ஒரு பிரதி. மறுபடி முதலிலிருந்து.

ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குத் தீபாவளி ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் எட்டு வீடு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மற்ற ஏழு வீட்டுக்கும் பட்சணத் தட்டு போகும். ஐந்தாம் நாள் ஒரு டப்பா வந்தது. மனைவி திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, இது நாம குடுத்த மைசூர்பாகு." யாரும் ஏமாற்றவில்லை. வாங்கியவர்கள் நல்ல மனசோடு அடுத்த வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பாகுக்கு மட்டும் வயசாகிக்கொண்டே இருந்திருக்கிறது.

கைமாற்று வாங்கியதைச் சேமித்து வைக்காதே, கேட்டவனிடம் கொடுத்துவிட்டுக் கையை உதறிக்கொள் என்று உடன்பிறப்புகளுக்குச் சொல்ல ஸ்க்விட்டில் ஒரு வசதி உண்டு. அதை நான் போட்டிருக்கவில்லை. போட்டேன். 50-ஐ 20 ஆக்கி, 30 நாளை 3 நாளாக்கினேன். ரீலோடுக்குக் காது கொடுத்தேன். மூன்று பெட்டிகளும் புது விதியோடு எழுந்தன. இனி 18 நாள் பழசை எவரும் புதுசு என்று சொல்ல முடியாது.

கேட்டேன். ஜூன்.

குறிப்பேட்டில், ‘சிப்ளிங் ஹிட், லேப்’. விதியை மாற்றிய பிறகும் லேப் பெட்டி அதைப் புதுசு என்று சாதிக்கிறது. அதன் எதிரில் உட்கார்ந்து கோப்புகளை வரி வரியாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. காபி குடித்தேன். ஒரு மணிக்கு, வேறு ஒன்றும் தோன்றாமல், ‘இன்று என்ன தேதி?’ என்று அதைக் கேட்டேன்.

1997 ஜனவரி என்றது!

முந்தைய வாரம் கரண்ட் போய் வந்திருக்கிறது. மதர்போர்டில் கடிகாரத்துக்கென்று ஒரு வட்டமான சின்ன பாட்டரி இருக்கும், அது செத்துப்போயிருந்தது. கரண்ட் வந்ததும் பெட்டி தன் பிறந்த தேதியிலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டது. அதன் கணக்கில் இது 1997. உக்கிராணத்தில் இருப்பது 2000 நவம்பரில் வந்த பக்கம். இன்னும் பிறக்கவே இல்லாத பக்கம் எப்படிப் பழசாகும்? வயசு பூஜ்யம். ‘அக்கா, இருக்கா?’ என்று யார் கேட்டாலும், ‘இருக்கே, சுடச்சுட!’ என்று எடுத்துக் கொடுத்துவிட்டது.

அதற்கு மேல் கோபப்பட எனக்குத் தெம்பில்லை. உடன்பிறப்புப் பந்தத்தை அன்றைக்கு அறுத்துவிட்டு, கடிகாரத்தைத் திருத்தி, மூன்று உக்கிராணங்களையும் மொத்தமாகக் காலி செய்துவிட்டுத்தான் தூங்கினேன். மறுநாள் காலை லைன் திணறியது. பிரின்ஸிபால் கூப்பிட்டு, "நல்லாத்தானே இருந்தது?" என்றார்.

* * *

இந்தக் கஞ்சத்தனம் என் தனிச்சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் பல்கலைக்கழகங்களின் வலையமைப்பான ஜானெட், அட்லாண்டிக்கைத் தாண்டி வரும் தகவலுக்கு 1998 ஆகஸ்டிலிருந்து மெகாபைட்டுக்கு 2 பென்ஸ் என்று பல்கலைக்கழகங்களிடம் வசூலித்தது. அங்கே தேசம் பூராவுக்கும் சேர்த்துப் பெரிய உக்கிராணமே கட்டியிருந்தார்கள். அமெரிக்காவில் என்.எல்.ஏ.என்.ஆர். என்ற அமைப்பு அடுக்கடுக்காகக் கட்டியது. வியாதியும் கூடவே வந்தது. பிராக்ஸிகளின் குறைகளைப் பட்டியல் போட்டு 2001 ஜூனில் ஓர் ஆவணம் வெளியிட்டார்கள். உடன்பிறப்புக் கூட்டத்தில் ஒரே ஆள் முதலில் புதுப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த நிமிஷம் பழையதைப் பார்க்கிற விநோதமும் அதில் இருக்கிறது.

ஐ.சி.பி.யின் அடிப்படைக் கோளாறு, சுவர்ப் பேச்சில் முகவரியை மட்டும்தான் சொல்ல முடியும். ‘மைசூர்பாகு இருக்கா?’ என்று கேட்கலாம். ‘எப்ப செஞ்சது?’ என்று கேட்க அதில் இடமில்லை. 2000 ஜனவரியில் எச்.டி.சி.பி. என்று இன்னொரு பாஷை வந்தது. அதில் கொஞ்சம் விவரமாக விசாரிக்கலாம். இன்னொரு யுக்தியும் உண்டு: ஒவ்வொரு தடவையும் கேட்பதற்குப் பதில், உடன்பிறப்பின் உக்கிராணப் பட்டியலைச் சுருக்கமாக வாங்கி வைத்துக்கொள்வது. அந்தப் பட்டியலை ஸ்க்விட் வழக்கமாக மணிக்கு ஒரு தடவைதான் புதுப்பிக்கும். ஆகவே பட்டியலும் பழசாகும்! நெட்ஸ்கேப்பில் இருந்த ஃபில் கார்ல்ட்டன் என்பவர், கம்ப்யூட்டர் துறையில் கஷ்டமான காரியம் இரண்டே என்பாராம்: கேஷில் இருப்பதைச் செல்லாததாக்குவது, பொருள்களுக்குப் பெயர் வைப்பது. குழந்தைக்குப் பெயர் வைத்த வீட்டில் இரண்டாவதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

கல்லூரி வாசலில் பிராக்ஸி வைத்துப் பக்கங்களைச் சேமிக்கிற பிழைப்பு இப்போது பெரும்பாலும் போய்விட்டது. பக்கங்கள் பூட்டுப் போட்ட பெட்டியில் பயணம் செய்கின்றன. முகவரிக்கு முன்னால் சின்னப் பூட்டுப் படம் பார்த்திருப்பீர்களே, அதுதான். நடுவில் இருப்பவனால் திறக்க முடியாது. ஆனால் உக்கிராணம் ஒழிந்துவிடவில்லை. கடைக்காரனே ஊர் ஊராகக் கிளை திறந்துவிட்டான். 1998-ல் தொடங்கிய அகமாய் மாதிரி கம்பெனிகளின் வியாபாரம் இதுதான். உங்களுக்குப் பக்கத்துக் கிளையில் சரக்கு இல்லாவிட்டால் அது பெரிய கிளையைக் கேட்கும்; அது மூலக் கடையைக் கேட்கும். விதிகளைத் திருத்தி 2022 ஜூனில் மறுபடி எழுதியிருக்கிறார்கள். வேண்டுமென்றே பழசைக் கொடுக்கவும் 2010-லிருந்தே விதி இருக்கிறது: கேட்டவருக்கு இருக்கிற பழசைக் கொடுத்து அனுப்பிவிட்டு, பின்வாசல் வழியாகப் புதுசுக்கு ஆள் அனுப்புவது. அடுத்து வருகிறவருக்குப் புதுசு.

விழுப்புரம் வாசகிக்கு: நீங்கள் அந்த முதல் ஆளாக இருந்திருக்கலாம், எதிர்வீட்டு அக்கா அடுத்த ஆள். அல்லது உங்கள் போனே கால் மணி நேரம் முன்னால் பார்த்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு திருப்பிக் காட்டியிருக்கலாம். அடுத்த தடவை, பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்து பாருங்கள். போனின் சொந்த உக்கிராணம் விலகிவிடும். அப்போதும் பழசு என்றால் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயலுங்கள். வேறு கிளைக்குப் போக வாய்ப்பு உண்டு. முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் ஏதாவது ஒரு எண்ணும் சேர்த்துப் பார்ப்பது பழைய கை வைத்தியம். நிறைய கேஷ்கள் அதை வேறு பக்கம் என்று எண்ணிக்கொண்டு கடைக்கு ஓடும். இதெல்லாம் ஆகிற வரைக்கும் பெண்ணை எதிர்வீட்டில் உட்கார வையுங்கள்.

அந்தப் பையன்? அப்பா யாரிடமோ கைமாற்று வாங்கி, டிராஃப்ட் எடுத்து, 10-ம் தேதி பஸ் ஏறி, தானே கொண்டுவந்து கொடுத்தார். மறுநாளே கூரியர் போனது. அங்கே 14-ம் தேதி சேர்ந்தது. மற்ற பதினோரு பேரில் இன்னொருவனுக்கும் பழைய பக்கம்தான் வந்திருந்தது. அவனுக்கு ஒரு மாதம் அவகாசம் இருந்ததால் பிழைத்தான். மார்ச்சில் பையனுக்குப் பதில் வந்தது: இடமும் உண்டு, ஸ்காலர்ஷிப்பும் உண்டு. சென்டரில் என்னைக் காணாமல் வீட்டுக்கே வந்துவிட்டான். என் மனைவியிடம், "சார் மட்டும் அன்னிக்கு இல்லேன்னா என் கதி என்ன ஆகியிருக்கும் மேடம்!" என்று தழுதழுத்தான். ரீலோட் சமாசாரத்தை அப்போதும் நான் சொல்லவில்லை.

கையில் ஒரு டப்பா மைசூர்பாகு கொண்டுவந்திருந்தான். என் மனைவி வாங்கி, மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போனாள்.